போடியில் எங்கே சாப்பிடலாம்? ஸ்டார்களைப் படிப்பது பற்றி ஒரு குறிப்பு

மூணாறு போகிறவர்களுக்கு போடிநாயக்கனூர் என்பது மலை ஏறுவதற்கு முன் கடைசியாக வண்டி நிறுத்தும் இடம், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை வழியாகப் போய்விடுவார்கள். 2010 கடைசியில் மீட்டர்கேஜோடு நின்றுபோன ரயில், 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்பி வந்தது. சென்னை வண்டியும் போடி வரை வருகிறது. அதனால் ரயிலில் வந்து இறங்கி, கையில் போனோடு முழிப்பவர்களும் இப்போது உண்டு. அப்படி முழித்தவர்களில் நானும் ஒருவன்.

மேப்பில் தேடினேன். 4.3 ஸ்டார் போட்டிருந்த கடைக்குப் போனேன். சாப்பாட்டில் குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் என் ஆபீஸுக்குக் கீழே கிடைக்கும் அதே ஃப்ரைடு ரைஸ், அதே பனீர் பட்டர் மசாலா. இதற்கா ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தோம் என்று இருந்தது. அன்று சாயங்காலம் லாட்ஜில் வேறு வேலை இல்லை. அந்தக் கடையின் ரிவ்யூக்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். அடுத்து மற்ற கடைகளுடையதையும்.

ஆன்லைன் மதிப்பீடு என்றாலே நமக்கு முதலில் வரும் சந்தேகம் போலி ரிவ்யூதான். அதற்குக் காரணம் இருக்கிறது. 2017-ல் ஊபா பட்லர் என்கிற பத்திரிகையாளர், தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டையே ஒரு உணவகம் என்று பதிவு செய்து, டிரிப்அட்வைசரில் லண்டனின் முதலிடத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். அதுவரை அங்கே யாரும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. போடியில் நான் படித்தவை அப்படிப்பட்டவை இல்லை. எல்லாமே உண்மையாக எழுதியவை போலத்தான் இருந்தன. அதுதான் எனக்கு சுவாரசியம்.

என்ன எழுதியிருக்கிறார்கள்? கார் நிறுத்த இடம் இருக்கிறது. டாய்லெட் சுத்தம். குழந்தைக்கு காரம் இல்லாமல் கொடுத்தார்கள். சீக்கிரம் பில் வந்தது. ஏசி உண்டு. குழம்பைப் பற்றி எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலை ஏறப்போகும் குடும்பத்துக்கு இதெல்லாம் நியாயமான தேவைதான், கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்த 4.3 பதில் சொல்வது ‘இங்கே வண்டியை நிறுத்தலாமா’ என்ற கேள்விக்கு. ‘இந்த ஊரில் எது ருசி’ என்று நாம் கேட்ட கேள்விக்கு இல்லை. இரண்டும் ஒரே எண்ணில் காட்டப்படுவதால் நாம் ஏமாறுகிறோம்.

புரோகிராமர் புத்தி சும்மா இருக்காதே. நான் முதலில் நினைத்தது: சராசரியை வைத்து வரிசைப்படுத்துவதுதான் தப்பு, வில்சன் முறையைப் போட்டால் சரியாகிவிடும். எட்வின் வில்சன் 1927-ல் கொடுத்த சூத்திரம் அது. ஐந்து பேர் எழுதி ஐந்து பேருமே ‘நல்லது’ என்றால் சராசரி நூற்றுக்கு நூறு. ஆனால் 95 சதவீத நம்பிக்கை அளவில் அதன் கீழ் எல்லை 0.57 மட்டுமே. நூறு பேரில் தொண்ணூறு பேர் ‘நல்லது’ என்றால் கீழ் எல்லை 0.83. ஆக, இரண்டாவது கடைதான் மேலே வரவேண்டும். அழகான சூத்திரம், வேலையில் நிறைய இடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். இங்கே உதவாது. எத்தனை பேர் எழுதினார்கள் என்ற குறையை அது சரிசெய்யும். யார் எழுதினார்கள் என்பதை எப்படிச் சரிசெய்யும்? தினமும் சாப்பிடுகிறவன் ரிவ்யூ எழுதுவதில்லை. எழுதுகிறவன் திரும்பி வருவதில்லை.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பழைய கட்டுரை இருக்கிறது. 1977-ல் ஸ்டீவன் சாலப், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் எழுதியது. விலை தெரிந்த வாடிக்கையாளர்கள் போதுமான அளவு இருந்தால், அவர்களுக்குப் பயந்தே கடைகள் ஒழுங்காக இருக்கும், விவரம் தெரியாதவனும் அந்த நிழலில் தப்பித்துக்கொள்வான் என்பது அதன் சாரம். விலைக்கு அவர்கள் சொன்னதை நான் ருசிக்கும் நீட்டிக்கொள்கிறேன். ராமேஸ்வரம் மாதிரி கடற்கரை யாத்திரை ஊரில் சன்னதித் தெருவைச் சுற்றி விவரம் தெரிந்தவன் சிறுபான்மை. போடியில் அப்படி இல்லை. இது ஏலக்காய் ஊர். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இங்கேதான் இருக்கிறது, வியாபாரிகள் வருஷம் பூரா வந்து போகிறார்கள். ஜீப் டிரைவர்கள், தரம் பிரிக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்கள், லோடுமேன்கள் என்று திரும்பத் திரும்ப வருகிற கூட்டம் இருக்கிறது. அவர்கள் போகும் கடையைப் பிடித்தால் போதும்.

‘லோக்கல் ஆட்கள் சாப்பிடற இடத்துல சாப்பிடு’ என்று எல்லாரும் சொல்வதுதானே இது! கண்டுபிடித்துவிட்டேன் என்ற தெம்போடு மறுநாள் ஒரு ஜீப் டிரைவரிடம் கேட்டேன்.

“அண்ணே, இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?”

“வீட்லதான் சார்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் சித்தாந்தம் அங்கேயே படுத்துவிட்டது. விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப் ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு மலை ஏறுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அதற்கும் முன்னால் எழுந்து சமைத்து, வீட்டுக்கு வைத்தது போகத் தூக்குவாளியில் தங்களுக்கும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஊரின் பிழைப்பே அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஹோட்டலிலும் அவர்களை ‘லோக்கல் ஆட்கள்’ என்று பார்க்க முடியாது. அந்த விதியில் வருகிற ‘லோக்கல்’ என்பது பாக்கெட்டில் காசும், உட்கார்ந்து சாப்பிட நேரமும் உள்ள ஆம்பளைங்க. இத்தனை நாள் இதை யோசிக்காமலே அந்த அறிவுரையை நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

டிரைவரை விடவில்லை, கேள்வியை மாற்றினேன். “கடைசியா வெளிய எப்ப சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க?” இப்போது பதில் கொட்டியது. காலையில் ஆறு மணிக்கு ஒரு இடத்தில் இட்லி, எட்டு மணிக்கு மேல் போனால் சட்னி தண்ணியாகிவிடும். மத்தியானம் வேறொரு மெஸ், அங்கே மொச்சை போட்ட புளிக்குழம்பு வைக்கிற அன்னிக்கு மட்டும். பரோட்டாவுக்கு இன்னொரு கடை, அதுவும் ராத்திரி எட்டுக்கு அப்புறம், சால்னா கொதித்து இறங்கின பிறகு. “மத்தியானம் அங்க போயிராதீங்க சார், நேத்து மாவுல போடுவான்.”

ஆக, அவர் மனசில் ‘நல்ல கடை’ என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு கடை, ஒரு பதார்த்தம், ஒரு நேரம், மூன்றும் சேர்ந்ததுதான் அவருக்கு ஒரு பதிவு. மேப் செய்வது, காலை இட்லியையும் மத்தியானப் பழைய மாவையும் ராத்திரி சால்னாவையும் ஒன்றாகக் கலக்கி ஒரே எண்ணாகக் கொடுப்பது. டேட்டாபேஸில் இரண்டு பத்தியைத் தூக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் என்ன வருமோ அதுதான் வரும்.

கடைகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தப் பரோட்டா கடைக்குப் போய்விட்டு என்னைத் திட்டுவீர்கள்.

அன்று ராத்திரி எட்டரைக்குப் போனேன். மேப்பில் அதற்கு 3.6. கடைசி ரிவ்யூ இப்படி இருந்தது: உட்கார இடமே இல்லை, அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டார்கள், ஒரு ஸ்டார். நானும் நின்றேன், இருபது நிமிஷம். பக்கத்தில் நின்றவர் என் பையைப் பார்த்துவிட்டு, “சால்னா ரெண்டாவது தடவ கேளுங்க, அப்பத்தான் அடியில இருந்து ஊத்துவான்” என்றார். கேட்டேன். ஊற்றினான்.