அரிஸ்டாட்டிலின் முட்டையும் அட்டைப்பெட்டி விளக்கும்

முட்டைக்குள் குஞ்சு எப்படி உருவாகிறது? இக்கேள்விக்கு விடை தேடிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) எழுதிய ‘விலங்குகளின் வரலாறு’ ஆகும். அதன் ஆறாம் பகுதியில் கோழிமுட்டை பற்றி அவர் எழுதிய பக்கங்கள் பெரிதும் போற்றப்படுபவை. அவற்றை நாமும் படித்துப் பார்ப்போம். ஆனால், கையில் ஓர் அட்டைப்பெட்டியையும் மின்விளக்கையும் வைத்துக்கொண்டு படிப்போம்!

பெட்டி எதற்கு என்று கேட்கிறீர்களா? பெட்டிக்குள் விளக்கை வைத்து, மேலே முட்டையைவிடச் சற்றுச் சிறிய துளை ஒன்று போடுங்கள். அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற முனை துளையில் பொருந்தும்படி பிடியுங்கள். அடைவைத்த ஏழாம் நாள் பார்த்தால், சிவந்த மெல்லிய நரம்புகள் சிலந்திக் கால்களைப் போல விரிந்திருக்கும். நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். அதுதான் கரு. நரம்புகள் மறைந்து சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு இறந்துவிட்டது என்று பொருள். பதினெட்டாம் நாள் காற்றறை தவிர முட்டை முழுவதும் இருண்டு காணப்படும்.

அரிஸ்டாட்டிலிடம் மின்விளக்கு இல்லை. முட்டைகளை வெவ்வேறு நாள்களில் உடைத்துப் பார்த்த செய்திகளையே அவர் தருகிறார். மூன்று பகல், மூன்று இரவு கழிந்ததும் இரத்தப்புள்ளி போல இதயம் தோன்றித் துடிக்கிறது என்கிறார். பத்தாம் நாளில் பெரிய கண்களுடன் குஞ்சின் உறுப்புகள் தெளிவாகின்றன என்றும், இருபதாம் நாளளவில் தொட்டால் அசைந்து குரல் கொடுக்கிறது என்றும் எழுதுகிறார். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் இவ்வளவு கண்டது வியப்பிற்குரியது. நாள் வரிசைப்படி நோக்கி எழுதும் முறையை அவரிடமிருந்து நாம் இன்றும் கற்கலாம்.

ஆனால், எங்கே அவர் நோக்குவதை நிறுத்தி ஊகிக்கத் தொடங்கினாரோ, அங்கே தவறுகள் நுழைந்துவிட்டன. குஞ்சு வெண்கருவிலிருந்து உருவாகிறது, மஞ்சள்கரு அதற்கு உணவு என்றார். பின்பாதி சரி, முன்பாதி தவறு. மஞ்சள்கருவின் மேற்பரப்பிலுள்ள சிறு வெண்புள்ளியிலேயே உயிர் தொடங்குகிறது என்பதை 1651இல் வெளிவந்த நூலில் வில்லியம் ஹார்வி எடுத்துக்காட்டினார்.

நீண்டு கூர்மையான முட்டை பெட்டையாகும், உருண்டை முட்டை சேவலாகும் என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். முட்டையைப் பார்த்தே குஞ்சின் பாலைச் சொல்லிவிடுவோர் நம்மிடையேயும் உண்டு. முட்டைக்கு வடிவம் தருவது தாய்க்கோழியின் கருக்குழல். குஞ்சு சேவலா பெட்டையா என்பதை முடிவு செய்வதோ, தாயின் கருவணுவிலுள்ள குரோமோசோம். இரண்டுக்கும் தொடர்பில்லை. நம் பெட்டி விளக்கும் பாலைக் காட்டாது. ஜெர்மனியில் ஆண் குஞ்சுகளைக் கொல்வது 2022 முதல் தடைசெய்யப்பட்டது. அதையொட்டிப் பயன்படும் சில கருவிகள், ஓட்டினூடே ஒளி செலுத்திக் கருவின் இறகு நிறத்தைக் கண்டு பாலை அறிகின்றன. ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடும் இனங்களுக்கே இது பொருந்தும்.

மூன்றாவது தவறு நம் வீட்டுக் கணக்கையே பாதிக்கக்கூடியது. வெப்பமான பருவத்தில் முட்டைகள் மிகுதியாகக் கெடுகின்றன என்பதை அரிஸ்டாட்டில் கண்டிருந்தார். வெயிலில் திராட்சை மது புளிப்பது போல மஞ்சள்கரு கலங்கிக் கெடுகிறது என்று காரணமும் சொன்னார். கண்டது உண்மை. காரணம் மட்டும் முழுமையானதன்று.

வடசென்னையில், புளியந்தோப்பில், தகரக் கூரை வேய்ந்த வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதம். வீட்டுக்காரம்மா பத்து நாள் முட்டை சேர்த்து அடைவைக்கிறார். ஏழாம் நாள் விளக்கில் பார்த்தால் பாதி முட்டைகள் தெளிவாக, வெறுமையாக இருக்கின்றன. “எல்லாம் கூமுட்டை, சேவல் சரியில்லை” என்று சேவலை விற்றுவிடுகிறார். அவர் முடிவு சரியா?

இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே ஏறத்தாழ ஒரு நாள் வளர்ந்திருக்கிறது. குளிர்ந்த இடத்தில் அவ்வளர்ச்சி நின்று உறங்குகிறது. பொரிப்பகங்களில் முட்டையை 15 முதல் 18 டிகிரி செல்சியசில் வைப்பது இதனால்தான். தகரக் கூரையின் கீழ் 35 டிகிரியில் கரு உறங்குவதில்லை. அரைகுறையாக வளரத் தொடங்கி, அடைக்குப் போகுமுன்பே இறந்துவிடுகிறது. அத்தகைய முட்டையும் விளக்கில் வெறுமையாகவே தெரியும். குற்றம் வெயிலுடையது, தண்டனையோ சேவலுக்கு!

ஆக, விளக்கு காட்டுவது நிழலையே, காரணத்தையன்று. ஐயம் தீர என்ன வழி? அரிஸ்டாட்டிலின் வழியேதான்! வெறுமையான முட்டையை உடைத்து, மஞ்சள்கருமேல் உள்ள புள்ளியைப் பாருங்கள். சிறிதாக, அடர்த்தியாக, ஒழுங்கற்று இருந்தால் கருவுறாத முட்டை. வட்டமாக விரிந்து, வளையம் போன்றிருந்தால் கருவுற்றது. சேவல் மேல் பழியில்லை. பொரிப்பகங்களில் இன்றும் இவ்வாறு உடைத்துப் பார்க்கிறார்கள். புளியந்தோப்புக்கு அருகே வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கு இது பாடம். நம் அடுப்படிக்கும் இது பாடமாகலாம்.

பரிகாரம் எளிது. மண்பானையில் மணலிட்டு ஈரமாக வைத்து, மேலே துணி விரித்து முட்டைகளை அடுக்குங்கள். கோடையில் ஐந்தாறு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

நூலை விளக்காலும், விளக்கை நூலாலும் சோதித்தோம். இரண்டிலும் குறை உண்டு, இரண்டும் தேவை. அடுத்த முறை வெறுமையான முட்டை ஒன்றைக் கண்டால், சேவலைப் பிடிக்குமுன் அந்த முட்டையை உடைத்துப் பார்ப்பீர்கள் அல்லவா?