தாழ்மையா, தாழ்நிலையா?

கடவுளின் மகத்துவத்துக்கு முன் மனிதர் சிறியவர் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்தச் சிறுமையைப் பெண்ணுக்கு மட்டும் உரிய குணமாக மாற்றிவிடும் வாசிப்போடுதான் என் வழக்கு. வேத தியானங்களில் இந்த மாற்றம் பெரும்பாலும் மரியாளின் பாடலை வைத்தே நடக்கிறது.

லூக்கா முதல் அதிகாரத்தில், எலிசபெத்தின் வீட்டில் மரியாள் பாடும் பாடல் அது. புராட்டஸ்டன்ட் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், கடவுள் நோக்கிப் பார்த்தது அவளுடைய 'தாழ்மை'யை. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அது 'தாழ்நிலை'. சின்ன வித்தியாசம்தான். ஆனால் தாழ்மை என்றால் நம் காதில் விழுவது ஒரு குணம். தாழ்நிலை என்பது ஒருத்தி தள்ளப்பட்டிருக்கும் இடம். குணம் என்றால் கடவுள் அதை மெச்சுகிறார். நிலை என்றால் அதை மாற்றுகிறார்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'தபெய்னோசிஸ்'. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொல் மூன்று பெண்களின் கதையில் வருகிறது. எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிப்போன அடிமைப்பெண் ஆகார், கணவனால் நேசிக்கப்படாத லேயாள், பிள்ளையில்லை என்று சக்களத்தியால் சீண்டப்பட்ட அன்னாள். இவர்களைக் குணசாலிகள் என்று பாராட்ட அந்தச் சொல் வரவில்லை. அவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வந்தது. லேயாளுக்கும் அன்னாளுக்கும் 'சிறுமை' என்று எழுதிய அதே தமிழ் மொழிபெயர்ப்பு, மரியாளிடம் வந்ததும் 'தாழ்மை' என்கிறது. அன்னாளின் வேண்டுதலை ஒட்டியே மரியாளின் வரி அமைந்திருக்கிறது என்பது தமிழில் மறைந்துபோகிறது.

மனத்தாழ்மை என்ற குணத்தைச் சொல்ல வேண்டுமானால் லூக்காவுக்கு வேறொரு சொல் தெரியும். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் தன் ஊழியத்தைப் பற்றிப் பேசும்போது அதைப் பயன்படுத்துகிறார். மரியாளுக்கு அதைத் தரவில்லை. லத்தீனில் 'ஹுமிலிதாஸ்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமந்ததால் குழப்பம் வளர்ந்தது. 1521இல் இப்பாடலுக்கு உரை எழுதிய மார்ட்டின் லூதரே, மரியாள் தன் பணிவைப் பற்றிப் பெருமை பேசவில்லை, தன் ஒன்றுமில்லாமையைத்தான் சொல்கிறாள் என்று வாதிட்டார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் நான் கேட்ட தியானங்களில், கடவுளுக்கு முன் மரியாள் தாழ்ந்திருந்தாள் என்று தொடங்கும் பேச்சு, ஆகவே வீட்டில் நீயும் தாழ்ந்துபோ என்று முடிகிறது. நடுவில் கடவுளின் இடத்தில் கணவர் உட்கார்ந்துவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. அடி வாங்கும் பெண்ணுக்கு இந்த 'ஆகவே' ஆபத்தானது.

1960இல் வாலரி சேவிங் எழுதிய கட்டுரை இங்கே உதவுகிறது. அகந்தையையே பாவத்தின் வேர் என்று பேசும் இறையியல் ஆண்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்றார் அவர். பெண்ணுக்கு நேரும் சோதனை வேறு: பிறருக்காகவே வாழ்ந்து, தனக்கென்று ஒரு 'நான்' இல்லாமல் கரைந்துபோவது. அவளிடம் இன்னும் தாழ்ந்துபோ என்பது நோயையே மருந்தாகக் கொடுப்பது.

மரியாள் பணிவற்றவள் என்று நான் சொல்லவில்லை. அவள் கடவுளுக்கு முன்தான் குனிகிறாள். அந்தக் குனிவிலேயே, எல்லாத் தலைமுறையும் தன்னைப் பாக்கியவதி என்று சொல்லும் என்கிறாள். அரியணையில் இருப்பவர்கள் இறக்கப்படுவதையும் தாழ்த்தப்பட்டவர்கள் உயர்த்தப்படுவதையும் பாடுகிறாள். கடவுள் ஒருவரே பெரியவர் என்றால் வீட்டிலும் சபையிலும் வேறு யாரும் பெரியவராக முடியாது. அடுத்த முறை இந்த வசனத்தைத் தியானிக்கும்போது அன்னாளின் கதையையும் சேர்த்து வாசியுங்கள். தாழ்ந்திரு என்று சொல்பவர் எந்த ஆசனத்தில் இருந்து சொல்கிறார் என்றும் பாருங்கள்.