சுவையும் மணமும்: மெக்கரியின் வினா பற்றிய ஒரு மறுநோக்கு

1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதன் சிறுநீரில் வெல்லம் வெளிப்பட்டது. நீரிழிவை வெல்லத்தின் நோயாகக் கருதும் மரபு இதனால் வலுப்பெற்றது. 1992இல், டலஸ் நகரிற் பணியாற்றிய டெனிஸ் மெக்கரி, 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இம்மரபை ஒரு கற்பனை வினாவால் அசைத்தார்: மின்கோவ்ஸ்கி சுவையுணர்வு அற்றவராக இருந்திருப்பின்? இனிப்பை அறியாது அசற்றோனின் மணத்தை மட்டும் நுகர்ந்திருப்பின், நீரிழிவைக் கொழுப்பு அனுசேபத்தின் கோளாறாகவே அவர் கொண்டிருப்பார் என்பது மெக்கரியின் வாதம்.

இதனை வெறும் சாதுரியமெனத் தள்ளிவிட முடியாது. கொழுப்பமிலங்களும் குளுக்கோசும் தசையில் எரிபொருளாகப் போட்டியிடுவதை 1963இல் ராண்டில் குழுவினர் விளக்கியிருந்தனர். குளுக்கோசு மிகும்போது ஈரலிற் பெருகும் மலோனைல் துணைநொதியம் ஏ, கொழுப்பமிலங்கள் இழைமணியுட் புகுவதைத் தடுப்பதை மெக்கரி குழுவினரே 1970களின் பிற்பகுதியிற் கண்டறிந்தனர். வெல்லத்தின் வரவே கொழுப்பின் கதியைத் தீர்மானிக்குமாயின், இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களாகக் கற்பித்தல் பொருந்துமா? இவ்வினாவை எழுப்பியதே கட்டுரையின் சிறப்பு.

ஆயினும், ஒரு குறியின் இடத்தில் மற்றொரு குறியை அமர்த்துவதால் மட்டும் காரணம் புலப்பட்டுவிடாது. நெடுந்தூர ஓட்டம் முதலியவற்றிற் பயின்ற வீரரின் தசையிற் கொழுப்பு மிகுந்திருந்தும் இன்சுலினின் செயல் குன்றாமை 2001இல் எடுத்துக்காட்டப்பட்டது. மறுபுறம், கொழுப்பிழையம் ஏறத்தாழ முற்றாக இல்லாதோரிடம் கடுமையான இன்சுலின் எதிர்ப்புக் காணப்படுகின்றது; சேமிக்க இடமற்ற கொழுப்பு அவர்களின் ஈரலிலும் தசையிலும் படிகின்றது. எனவே கொழுப்பின் அளவினும், அது தங்கும் இடமும் வடிவமும் எரிக்கப்படும் வீதமுமே முக்கியமானவை. 2001ஆம் ஆண்டின் பாண்டிங் பேருரையில் மெக்கரி தாமே தசைக்கலங்களுட் சேரும் கொழுப்பை வற்புறுத்தியமை இத்திசையிலான நகர்வே.

இவ்விவாதம் நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. 1998இல் வெளியான ஐக்கிய இராச்சிய நீரிழிவு ஆய்வில், தீவிர வெல்லக் கட்டுப்பாடு கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சிக்கல்களை 25 வீதம் குறைத்தது. மாரடைப்பிலோ தெளிவான குறைவு நிறுவப்படவில்லை. 2008இல் அக்கோட் ஆய்வின் தீவிரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, இறப்புகள் கூடியமையால் நிறுத்தப்பட்டது. வெல்லத்தை மட்டும் நோக்கும் பார்வை போதாது என்பதில் மெக்கரி சரியே. ஆனால் வெல்லம் வெறும் நிழலன்று என்பதற்கு நுண்குழாய்களே சான்று.

இதே எச்சரிக்கை 'அனுசேபக் கோளாறுத் தொகுதி' எனும் கருத்துக்கும் பொருந்தும். 1988இல் ரீவன் இன்சுலின் எதிர்ப்பை மையமாக்கி விளக்கிய தொகுதியில் உடற்பருமன் இடம்பெறவில்லை. 2005இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இடைச் சுற்றளவைக் கட்டாயமாக்கியது. 2009இன் கூட்டறிக்கையில் ஐந்து குறிகளுள் எவையேனும் மூன்று போதுமென்றாயிற்று. உடலில் மாற்றம் யாதுமின்றியே ஒருவர் ஒரு வரைவிலக்கணத்தில் நோயாளியாகவும் மற்றதில் நலமுடையவராகவும் ஆகலாம். குறிகளை எண்ணுதல் வேறு, அவற்றை இணைக்கும் பொறிமுறையை அறிதல் வேறு.

மெக்கரியின் கட்டுரை இறுதி விடையாகக் கொள்ளத்தக்கதன்று. ஆயினும், எதை அளக்கின்றோமோ அதையே நோயெனக் கொள்ளும் பழக்கத்தை வினாவுக்குள்ளாக்கியமை அதன் நிலைத்த பயன். நாவுக்கு எட்டியதும் நாசிக்கு எட்டியதும் ஒரே உடலிலிருந்து வந்தவை என்பதை நினைவிற்கொண்டே அதனைக் கற்றல் வேண்டும்.