மூன்று படங்கள்: சில கருத்துகள்

டூரிஸ்ட் ஃபெமிலி (2025): பொருளாதார நெருக்கடி தாங்காமல் இங்கிருந்து தோணியேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் குடும்பத்தின் கதை. அபிஷன் ஜீவிந்த்தின் முதல் படம். நல்ல மனசுள்ள படம்தான். ஆனால் அயலவர் எல்லாரும் இவ்வளவு லேசாக உருகுவார்களா? 1983க்குப் பிறகு போன நம் நாட்டுச் சனம் இன்னும் முகாம்களில் இருக்குது. அந்தக் கதையை இன்னொருவர்தான் எடுக்க வேணும்.

வாழை (2024): மாரி செல்வராஜ் தன் சிறுபராயத்தைப் படமாக்கியிருக்கிறார். தாருக்கு ஒரு ரூபா கூட்டிக் கேட்ட கூலியாட்களை, வாகனச் செலவை மிச்சம் பிடிக்க, தார் ஏற்றிய லொறியிலேயே அனுப்புகிறார்கள். லொறி கவிழ்கிறது. டீச்சர் காட்சிகள் கொஞ்சம் இழுபடுது. எண்டாலும், பசியோடு சோற்றில் கை வைக்கும் அந்தப் பொடியனை மறக்க ஏலாது.

அமரன் (2024): மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. சாய் பல்லவியின் துக்கம் நம்மையும் அழ வைக்குது, மறுக்க ஏலாது. ஆனால் கஷ்மீரிகள் பெரும்பாலும் கல்லெறிபவர்களாக, துப்பாக்கிக்காரர்களாகவே வருகிறார்கள். இந்துவின் வீட்டுக்குக் கொடுத்த நேரத்தில் கால்பங்காவது ஒரு கஷ்மீரி உம்மாவுக்குக் கிடைத்திருக்கலாம்.

யாருடைய மையித்துக்கு அழ வேண்டும் என்பதை இயக்குநர்தான் தீர்மானிக்கிறார். பார்க்கிற நாம் அதைக் கவனிக்க வேணும்.