பழைய படக்கதை ஏடுகள்: சேர்ப்பதும் இனங்காண்பதும்

நாணயம் சேர்ப்பவரையும் அஞ்சல் தலை சேர்ப்பவரையும் உலகம் நெடுங்காலமாக மதித்து வந்திருக்கிறது. சிறுவர் படித்துக் கசக்கி எறிந்த படக்கதை ஏடுகளைத் தேடித் திரட்டியவரைக் கண்டோ அது நகைத்தது. இன்று அந்நகைப்பு அடங்கிவிட்டது. அதனை அடக்கியது விலையேயாகும். 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 10 சென்டுக்கு விற்ற 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு படி 2014-இல் 32 இலட்சம் டாலருக்கும், வேறொரு படி 2024-இல் 60 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயின. இத்துணைப் பணம் கொடுத்து வாங்குகின்றனர் என்றால் இதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நகைத்தவர்களே இப்போது முடிவு கட்டுகின்றனர்.

விலையைக் கண்டு பொருளை மதிப்பது சந்தைக்கு இயல்பு. ஆராய்ச்சிக்கு அது போதாது. இப்பொழுதுபோக்கினால் அறிவுலகுக்கு விளைந்த நன்மை யாது? அது வழி தவறும் இடம் எது? இவ்விரண்டையும் இப்பழக்கம் செழித்து வளர்ந்த அமெரிக்க நாட்டை வைத்தே ஆராய்தல் பொருந்தும்.

மிஞ்சியவை சிலவே

அவ்வேடுகள் நிலைத்து நிற்பதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. மரக்கூழினாற் செய்த மலிவான செய்தித்தாள் காகிதத்தில் நான்கு வண்ணத்தில் விரைந்து அச்சிட்டு, கம்பியால் தைத்து விற்கப்பட்டவை. காகிதத்திலுள்ள அமிலம் நாளடைவில் அக்காகிதத்தையே அரிக்கும். தாள் மஞ்சளித்துப் பழுப்பேறி ஒடியும். தைத்த கம்பி துருப்பிடிக்கும். 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் ஏறத்தாழ இரண்டு இலட்சம் படிகள் அச்சாயிற்று. எஞ்சியிருப்பவை நூறு அளவினவே என மதிப்பிடுகின்றனர்.

காலம் அழித்தது போக மனிதர் அழித்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பழங்காகிதம் திரட்டும் இயக்கத்தில் ஏடுகள் கட்டுக்கட்டாகக் கூழாலைக்குப் போயின. போருக்குப் பின் வேறொரு பகை மூண்டது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஸ்பென்சர் என்னும் சிற்றூரில் 1948 அக்டோபரில் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 2000 ஏடுகளைக் குவித்துத் தீயிட்டனர். பெரியோரும் உடனிருந்து ஊக்கினர். 1954-இல் மனநோய் மருத்துவர் பிரடெரிக் வெர்தாம், சிறுவர் கெடுவதற்கு இவ்வேடுகள் பெருங்காரணம் எனக் குற்றஞ்சாட்டி ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே செனட் சபையின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பகத்தார் அஞ்சித் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். பல பதிப்பகங்கள் மறைந்தன.

வெர்தாம் காட்டிய சான்றுகள் எத்தகையவை? அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்த கேரல் டில்லி என்னும் அறிஞர் 2012-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சிறுவர்கள் கூறியவற்றை வெர்தாம் மாற்றியும், பலர் கூற்றை ஒருவர் கூற்றாக ஒட்டியும், வேண்டாதவற்றை விட்டும் எழுதியிருந்தார் என்பது அதனால் புலனாயிற்று. அவ்வேடுகள் யாவும் நல்லவை என்பது இதன் பொருளன்று. அவற்றில் கொடூரமும் ஆபாசமும் கலந்தவை இருந்தன. ஆயினும், நூலைப் படித்துப் பாராமல் எரிப்பதும், ஒருவர் சொல்லைச் சோதித்துப் பாராமல் நம்புவதும் ஒரே குறையின் இரு விளைவுகள் என்பதை ஆசிரியருலகம் மறத்தல் ஆகாது. குப்பைக்கும் நெருப்புக்கும் தப்ப வைத்து அவ்வேடுகளைப் போற்றியவர் சேகரிப்பாளரே. இஃது அவர் செய்த முதல் நன்மை.

இனங்காணும் திறன்

திரட்டிய ஏட்டை இன்னதென்று அறிவது திரட்டுவதினும் அரிது. அட்டை கிழிந்து போன படி கையில் கிடைத்தால், தேர்ந்தவர் முதற்பக்கத்தின் அடியையோ அட்டையின் உட்புறத்தையோ நோக்குவார். அஞ்சல் விதிக்காக ஏட்டின் சட்டப்படியான பெயர், எண், மாதம், பதிப்பகம் ஆகியவை அங்கே சிற்றெழுத்தில் அச்சாகியிருக்கும். அட்டையில் கண்ட மாதத்தை அப்படியே நம்பவும் கூடாது. கடையில் ஏடு பழசாகத் தோன்றாதிருக்க, பின்வரும் மாதத்தை முன்கூட்டியே இடுவது அத்தொழிலின் வழக்கம். 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் உள்ளது ஜூன் மாதம். அது விற்பனைக்கு வந்ததோ ஏப்ரலில்.

எண்ணும் ஏமாற்றும். ஈ.சி. பதிப்பகத்தின் 'வியர்டு பேன்டசி' என்னும் ஏடு 1950-இல் 13-ஆம் எண்ணோடு பிறந்தது! புதிய ஏட்டுக்கு அஞ்சல் சலுகை பெறப் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும். அதனைத் தவிர்க்க, 12-ஆம் எண்ணோடு நின்ற ஒரு காதல் கதை ஏட்டின் தொடர்ச்சியாகவே இதனைப் பதிப்பகத்தார் காட்டினர். 17-ஆம் எண் வரை அவ்வாறே நடந்தது. பின்னர் எண்ணைத் திருத்த நேர்ந்தபோது, உண்மையில் வெளிவந்தவை ஐந்தே ஆகையால் அடுத்ததற்கு 6 என்று எண்ணிட்டனர். விளைவு யாது? 1952-இல் மீண்டும் ஒரு 13-ஆம் எண் வந்தது. இரண்டுமே மே-ஜூன் இதழ்கள். பெயர் ஒன்று, எண் ஒன்று, மாதமும் ஒன்று; ஆண்டு மட்டுமே வேறு. ஆண்டை நோக்காது பட்டியல் எழுதுபவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

மறுபதிப்பும் ஒரு பொறி. 1974-இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் பேரளவில் மறுபடியும் அச்சிடப்பட்டது. உள்ளே பழைய அட்டையும் அப்படியே இருந்தது. மேலே வேறோர் அட்டை இருந்தது. மேலட்டையை நீக்கிவிட்டு மூலப்படி என விற்க முயல்வோர் தோன்றினர். அதனைக் கண்டுகொள்ள ஓர் அளவுகோல் போதும். மூலப்படியின் உயரம் ஏறத்தாழ பத்தரை அங்குலம். மறுபதிப்பின் உயரமோ பதின்மூன்று அங்குலத்துக்கும் மேல்.

பெயரற்றவர் பெயர் பெற்றனர்

இதுகாறும் கூறியவை நாணயம் சேர்ப்பவருக்கும் உரிய திறன்களே. படக்கதை சேர்த்தோர் இவற்றினும் மேலான ஒன்றைச் செய்தனர். ஏட்டில் பெயரே இல்லாத எழுத்தாளரையும் ஓவியரையும் அவர்கள் கண்டுபிடித்தனர்.

டொனால்டு வாத்தின் கதைகள் யாவும் வால்ட் டிஸ்னியின் பெயராலேயே வெளிவந்தன. வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் கூர்ந்து படித்த சிறுவர்கள், பல கைகள் வரைந்தவற்றுள் ஒரு கை மட்டும் தனித்து நிற்பதை உணர்ந்தனர். முகத்தில் தெரியும் உணர்ச்சி, பின்புலத்தின் நுணுக்கம், கதையின் கட்டுக்கோப்பு ஆகியவற்றால் அக்கையை அறிந்து, அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றே அழைத்தனர். வளர்ந்தபின் சிலர் விடாது கடிதம் எழுதிக் கேட்டு, 1960-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பெயர் கார்ல் பார்க்ஸ் என அறிந்தனர். 1942 முதல் வரைந்து வந்தவர் அவர். 1947-இல் கஞ்சப் பணக்காரனான ஸ்க்ரூஜ் மாமாவைப் படைத்தவரும் அவரே. வாசகர் கடிதம் வந்தபோது, உடன் வேலை செய்வோர் எவரோ கேலி செய்கின்றனர் என்று அவர் ஐயுற்றாராம். நாடெங்கும் படிக்கப்பட்ட ஒருவருக்குத் தம்மைத் தேடும் வாசகர் உண்டு என்பதே நம்பற்கரியதாக இருந்திருக்கிறது!

பில் பிங்கரின் வரலாறு இதனினும் துயரமானது. 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில் பேட்மேன் தோன்றினான். அக்கதையில் கையொப்பமாக இருந்தது ஓவியர் பாப் கேனின் பெயர் மட்டுமே. கதையை எழுதியவர் பிங்கர். தலைமூடியும் மேலங்கியும் சேர்த்து அவ்வீரனுக்கு இன்றைய உருவத்தைத் தந்தவரும் அவரே. ஒப்பந்தப்படி பெயரும் பெருமையும் கேனுக்கே சென்றன.

மறைந்திருந்த இவ்வுண்மையை வாசகருலகின் முன் வைத்தவர் ஜெர்ரி பெயில்ஸ். அவர் டெட்ராய்ட் நகரத்து வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்பித்தவர்; பின்னர் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய ராய் தாமஸின் துணையோடு 1961-இல் 'ஆல்டர் ஈகோ' என்னும் ஆர்வலர் இதழைத் தொடங்கியவர். பிங்கரையே நேரில் கேட்டறிந்து 1965-இல் அவருடைய பங்கைக் கட்டுரையாக எழுதினார். கேன் சினந்து மறுத்தார். பிங்கர் 1974-இல் பெரும் புகழின்றி மறைந்தார். கேனே பின்னாளில், 1989-இல் வெளிவந்த தம் வரலாற்றில், பிங்கரின் பங்கைப் பெரிதும் ஒப்புக்கொண்டார். 2015-இல்தான் பதிப்பகம் பிங்கரின் பெயரையும் படைப்பாளர் வரிசையில் சேர்க்க இசைந்தது. அன்று அக்கட்டுரை எழுதப்படாதிருப்பின், பின்வந்த ஆராய்ச்சியாளர் பற்றிச் செல்ல நூல் முனை ஏது? சேகரிப்பு என்பது நீதிக்கும் துணை செய்யும் என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

முத்திரையிட்ட உறை

1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் முதல் விலைப் பட்டியலை வெளியிட்டார். 2000-ஆம் ஆண்டில் சி.ஜி.சி. என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. ஏட்டை ஆராய்ந்து, பக்கங்களை எண்ணி, அரை முதல் பத்து வரை ஓர் எண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையுள் வைத்து மூடி முத்திரையிடுவது அதன் பணி. முத்திரையை உடைத்தால் அம்மதிப்பீடு செல்லாது.

இதன் பக்கமும் நியாயம் உண்டு. முன்பு விற்பவரே தம் சரக்குக்குத் தரம் கூறினார். ஓரத்தைச் செதுக்கிப் புதிதாக்கியும், உதிர்ந்த வண்ணத்தைத் தூரிகையால் தொட்டும், பக்கம் குறைந்ததை மறைத்தும் ஏமாற்றியவர் பலர். நடுநின்று ஆராய்பவர் வந்தபின் அக்கேடு குறைந்தது. நல்ல நிலையில் காத்த படிக்கு அறிவுப் பயனும் உண்டு. 1977-இல் கொலராடோ மாநிலத்தில் எட்கர் சர்ச் என்னும் ஓவியரின் இல்லத்தில் ஏறத்தாழ 20,000 ஏடுகள் வெளிப்பட்டன. வறண்ட காற்றில் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தமையால் அவற்றின் தாள் வெளுப்பும் வண்ணமும் கெடவில்லை. அச்சான நாளில் அவ்வேடுகள் எவ்வாறு இருந்தன என்பதை அவை காட்டின.

ஆயினும் உறையுள் புகுந்த ஏடு படிக்கும் பொருளாக இருத்தல் ஒழிகிறது. அதன் சிற்றெழுத்தை நோக்க இயலாது. கதையைப் படிக்க இயலாது. ஓவியரின் கையை ஒப்பிட இயலாது. ஒருவர் வாங்கி மற்றொருவருக்கு விற்பார். எவரும் ஒரு பக்கத்தைத் திறந்திரார். எண் மட்டுமே பேசும். இதில் ஒரு முரணும் உண்டு. உறையின் சீட்டில் ஓவியர், எழுத்தாளர் பெயர்கள் அச்சிடப்படுவதுண்டு. முன்பு பெயரின்றிக் கிடந்தவர் பலருடைய பெயரை அங்கே அச்சிட முடிந்தது எதனால்? ஏட்டைத் திறந்து, பக்கம் பக்கமாகப் படித்து, குறிப்பெழுதிய பழைய ஆர்வலரின் உழைப்பால் அன்றோ? பெயில்ஸ் 1973 முதல் 1976 வரை வெளியிட்ட படைப்பாளர் அகராதி அவ்வுழைப்பின் ஒரு பெரும் விளைவு.

பழைய ஏடுகள் அனைத்திலும் கண்டறிய வேண்டியவை தீர்ந்துவிடவில்லை. பெயரின்றி எழுதியோர் இன்னும் பலர். ஆகவே உறையிடத் தக்க ஓரிரு நற்படிகளை உறையிடுக. ஏனைய படிகள் திறந்தே இருத்தல் வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1970-ஆம் ஆண்டளவில் ரசல் நை என்னும் பேராசிரியரின் முயற்சியால் படக்கதை ஏடுகளை நூலகத்தில் சேர்க்கத் தொடங்கியது. அங்கே அவை கற்போர் கைக்கு எட்டுகின்றன. தனியார் திரட்டுகளும் முடிவில் அத்தகைய இடம் சேர்தலே முறை.

ஒருவர் தேர்ந்த சேகரிப்பாளர்தாமா என அறிய அவர் பெட்டியின் விலையைக் கேட்க வேண்டுவதில்லை. தம்மிடமுள்ள ஏட்டை எழுதியவர் யார், வரைந்தவர் யார், அதனை எவ்வாறு அறிந்தார் என்று கேட்டால் போதும். 1948-இல் படியாமல் எரித்தனர். இன்று பலர் படியாமல் பூட்டுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே, படித்து இனங்கண்ட சிலரால்தான் அவ்வேடுகள் ஓர் இலக்கிய வகையின் வரலாறாக நமக்குக் கிடைத்திருக்கின்றன.