கூர்ப்பும் கொள்கையும்

உயிரினங்கள் படிப்படியாக மாறிவந்தமையை இலங்கையின் தமிழ்மொழி மூல உயிரியல் நூல்கள் ‘கூர்ப்பு’ எனக் குறிக்கின்றன. தமிழகத்தார் அதனைப் ‘பரிணாமம்’ என்பர். அம்மாற்றத்தை விளக்கும் கருத்துத் தொகுதி ‘கூர்ப்புக் கொள்கை’ எனப்படுகின்றது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் உயிரியல் பயிலும் முஸ்லிம் மாணவருக்குக் ‘கொள்கை’ புதிய சொல்லன்று. ‘அகீதா’ என்னும் அறபுச் சொல்லுக்கும் தமிழில் அதுவே வழக்கு. முன்னையது சான்றுகளாற் சோதிக்கப்படும் விளக்கம். பின்னையது உள்ளத்திற் பதிந்த விசுவாசம். இவ்விரண்டையும் ஒரே சொல் சுட்டுவதால், டார்வினை ஏற்பதா மறுப்பதா என்ற வினா, மார்க்கம் மாறுவதா என்ற வினாவாகவே ஒலித்துவிடுகின்றது.

ஆயினும், விசுவாசிகள் யாவரும் இவ்விடயத்தில் ஒரே நிலைப்பாட்டினர் அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. மூன்று நூல்களை ஒப்புநோக்கின் இது தெளிவாகும்.

ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி 1881இல் ஹைதராபாத்தில் இருந்தபோது இயற்கைவாதிகளை மறுத்துப் பாரசீகத்தில் ஒரு நூல் எழுதினார். காலப்போக்கில் நுளம்பு யானையாகலாம் என்பதே டார்வினின் கருத்து என அதில் எள்ளினார். டார்வின் கூறியதோ பொது மூதாதையரிடமிருந்து பல கிளைகள் பிரிந்தமை. கூறப்படாத ஒன்றை மறுப்பது மறுப்பாகாது. பிற்காலத்தில் ஆப்கானியே தம் கடுமையைத் தளர்த்தினார்.

திரிப்போலியின் ஹுசைன் அல்-ஜிஸ்ர் 1888இல் வெளியிட்ட நூல் வேறு பாதையிற் செல்கின்றது. இனமாற்றம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை என்பதே அவர் கருத்து. எனினும், அவ்வாறு நிறுவப்படின் வேதவசனங்களுக்கு அதற்கிசையப் பொருள் கொள்ளலாம், படைத்தவன் இறைவனே என்ற விசுவாசத்துக்கு அதனால் ஊறு நேராது என்றார். இங்கு ஒரு குறையும் உண்டு. தருக்கம் தரும் முற்றுறுதியை அனுபவ விஞ்ஞானம் ஒருபோதும் தருவதில்லை. ஆகவே அவர் திறந்த வாயில் ஒடுங்கியதே; ஆனால் அது வாயில்தான்.

துருக்கியரான ஹாரூன் யஹ்யாவின் பெயரில் 2006இல் வெளிவந்த ‘படைப்பின் படத்தொகுப்பு’ மூன்றாவது நூல். உலகின் நீண்ட வயதை மறுக்காத அந்நூல், உயிரின மாற்றத்தை மட்டும் மறுக்கின்றது. புதைபடிவத்தையும் இன்றைய உயிரியையும் அருகருகே வைத்து ‘மாற்றமில்லை’ என்பதே அதன் முறை. தூண்டில் முள் பொருத்திய செயற்கைப் பூச்சி ஒன்றன் படமும் அதில் உயிருள்ள பூச்சியாக இடம்பெற்றுவிட்டது. வெளித்தோற்ற ஒப்புமையைச் சான்றாகக் கொள்வோர்க்கு நேரும் இடர் இதுவே.

இப்பகுதியில் முஸ்லிம்களின் அயலவராக வாழும் கத்தோலிக்கரின் திருச்சபையும் இதே சிக்கலை எதிர்கொண்டது. மனித உடலின் தோற்றம் பற்றிய ஆய்வைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் அனுமதித்தார். ஆன்மா இறைவனால் நேரே படைக்கப்படுவது என்பதை விட்டுக்கொடுத்திலர். 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் கருதுகோளினும் மேலானது என்றார்.

ஆகவே வேறுபாடு விசுவாசத்தின் அளவில் இல்லை. சான்றையும் வேதவசனத்தையும் வாசிக்கும் முறையிலேயே உள்ளது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகள் பீடமும் பிரயோக விஞ்ஞான பீடமும் ஒருங்கே உள்ளன. இரு பீடத்தாரும் ஜிஸ்ர் எழுப்பிய வினாவை மீட்டெடுத்துக் கூடி ஆராய்தல் வேண்டும். அன்றேல், பரீட்சைத் தாளுக்கு ஒரு விடையும் உள்ளத்துக்கு வேறொரு விடையும் வைத்துக்கொள்ளும் மாணவன், விஞ்ஞானத்துக்கும் உண்மையாயிரான், மார்க்கத்துக்கும் உண்மையாயிரான்.