வேட்டைக்காரன் பூட்ஸும் வால்பாறை மழையும்

இந்த பூட்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். தோப்பில் தேங்காய் போட வருகிறவர்கள்கூட இப்போதெல்லாம் என்னைக் கண்டால் மரத்தின் மேலேயே கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அதனால் எழுதுகிறேன். காகிதம் எழுந்து போகாது.

எட்டு அங்குல உயரம். கெட்டித் தோல். உள்ளே நீர் புகாத சவ்வு, அதற்கும் உள்ளே 200 கிராம் இன்சுலேஷன். அடியில் ஆழமான பற்கள் வைத்த ரப்பர் சோல். கனடாவில் இருக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. பெட்டியின் மேல் கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஒரு மான் படம். அசல் வேட்டைக்காரர்களுக்கென்றே செய்தது. பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, இதைப் போட்டுட்டு எந்தக் காட்டுல மான் சுடப் போறீங்க? உள்ள புடிச்சுப் போட்டா அங்கயும் இதைப் போட்டுக்க உடுவாங்களாக்கும்?”

கேள்வி நியாயமானதுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் பக்கத்து வேட்டைக் கதைகள் தாத்தாக்களின் திண்ணைப் பேச்சாகிவிட்டன. ஆனைமலைக் காடு 2007 முதல் புலிகள் காப்பகம். என் கையில் இருப்பது ஒரு பைனாகுலர் மட்டும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேட்டைக்காரன் என்ன செய்கிறான்? விடியுமுன் செங்குத்தான சரிவில் மூச்சு வாங்க ஏறுகிறான். பிறகு ஓரிடத்தில் அசையாமல் மணிக்கணக்காக உட்காருகிறான். ஏறும்போது வியர்வை, உட்கார்ந்தால் குளிர், இரண்டுக்கும் நடுவில் மழை. இருவாச்சிப் பறவைக்காகக் காத்திருப்பவனின் நாளும் அச்சுப் பிசகாமல் இதேதான். மலையேற்றக்காரர்களின் ஷூ எல்லாம் நடந்துகொண்டே இருப்பவனுக்குச் செய்தது. எஸ்டேட் கம்பூட்ஸ் ஈரத்தில் நின்று வேலை செய்பவருக்குச் செய்தது. ஏறி உட்காருகிற என்னைப் போன்ற ஆளுக்கு இந்த உலகத்தில் பூட்ஸ் தைத்தவன் வேட்டைக்காரனுக்குத் தைத்தவன் ஒருவன்தான்.

நம் மலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில், கைப்பிடிச் சுவரின் மேல் வரையாடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் அதன் கொம்பைப் படம் எடுக்கிறார்கள். நான் குளம்பைப் பார்க்கிறேன். நடுவில் ரப்பர் மாதிரி மெத்தென்ற பகுதி, சுற்றிலும் கடினமான கூர் விளிம்பு. மெத்தென்றது வழுக்குப் பாறையைப் பிடிக்கும். விளிம்பு மண்ணிலும் பாறை வெடிப்பிலும் கடிக்கும். நல்ல சோல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் அச்சடிக்கவில்லை. நம் மாநில விலங்கு காலிலேயே அதைப் போட்டுக்கொண்டு திரிகிறது.

அந்த வளைவுகளைத் தாண்டி மேலே போய்விட்டால் ஆனி, ஆடியில் வானம் என்ற ஒன்று கண்ணில் படாது. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. தேயிலைப் பத்திகளுக்கு நடுவே ஆள் போகும் ஒற்றையடித் தடம், குறுக்கே மழைநீர் ஓடும் கான், பாசி படிந்த பாறை, சில்வர் ஓக் மரங்களின் வழுக்கும் வேர். இத்தனையும் ஒரே சரிவில் வரும். ஆனாலும் குளிர் கனடாக் குளிர் அல்ல. பனிக்கட்டி இல்லை. இருபது டிகிரிக்குக் கீழே, விடாத ஈரத்தோடு வரும் ஒரு நமநமப்பு. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால்தான் உடுமலை ரோட்டில் சுகமாக இருக்கும் அதே வெப்பநிலையில், நனைந்த சாக்ஸுக்குள் கால்விரல் மரத்துப்போகிறது.

அக்கா மகன் போனில் கேட்ட முதல் கேள்வி, “மாமா, எத்தனை கிராம்?” இன்சுலேஷனை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எடையில் சொல்கிறார்கள். 200, 400, 800, 1000 என்று ஏறிக்கொண்டே போகும். 800க்கு மேலே எல்லாம் உறைபனியில் மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருகிறவர்களுக்கு. அதைப் போட்டுக்கொண்டு வால்பாறைச் சரிவில் ஏறினால் மழை வெளியே நிற்கும், உள்ளே கால் தன் வியர்வையிலேயே ஊறிவிடும். நடந்து நனைந்த கால் உட்கார்ந்ததும் விறைக்கும். தடித்த பூட்ஸே குளிருக்குக் காரணம் ஆகிவிடும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அதிக கிராம் என்றால் அதிக விலை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நான் 200 என்று சொன்னேன். அவன் 400க்கு வாதாடினான். “கண்ணு, உங்க ஊர்ல பனி கொட்டுது, எங்க ஊர்ல மழை கொட்டுது” என்றேன். மார்கழி விடியலில் கையுறையைத் தேடும் நான், அதே விடியலில் காலைப் பற்றி நினைப்பதே இல்லை. 200தான் சரி. கல்வெட்டில் பொறித்து வையுங்கள்.

நீர்புகாச் சவ்வைப் பற்றி விளம்பரக்காரர்கள் சொல்வதில் பாதியை மட்டும் நம்புங்கள். 1969இல் பாப் கோர் என்பவர் ஒருவகைப் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தபோது பிறந்தது கோர்டெக்ஸ். அதன் துளைகளில் மழைத்துளி நுழையாது, ஆவி வெளியேறும். அருமையான சங்கதி. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் வெளியே உள்ளதைவிட உள்ளே ஈரமும் சூடும் கூடுதலாக இருக்க வேண்டும். மூடுபனிக்குள்ளேயே ஊர் மூழ்கிக் கிடக்கும் ஆடி மாதத்தில் ஆவி எங்கே போகும்? ஆகவே சவ்வு வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு. உள்ளே ஊறும் வியர்வைக்குக் கம்பளி சாக்ஸ். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் கதகதப்பை விடாது. பருத்தி சாக்ஸ் நம் பொள்ளாச்சி வெயிலுக்கு உத்தமம். மேலே கொண்டு போகாதீர்கள்.

இனி சோல். இங்கேதான் நான் உருகிவிடுகிறேன், மன்னிக்கவும். பழைய மலையேறிகளின் பூட்ஸில் அடியில் இரும்பு ஆணிகள்தான் இருந்தன. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குழு மோசமான வானிலையில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களின் நண்பரான இத்தாலியர் விட்டாலே பிராமானி, சரியான பாதணி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று மனம் நொந்து, டயர் செய்யும் பிரெல்லியின் உதவியோடு 1937இல் பற்கள் வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முன்பாதியையும் பின்பெயரின் முன்பாதியையும் ஒட்டினால் விப்ரம். என் பூட்ஸின் அடியில் மஞ்சள் எண்கோணத்துக்குள் அந்தப் பெயர் இருக்கிறது. சரிவில் கால் நழுவாமல் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

பற்கள் ஆழமாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நெருக்கமான பற்களில் செம்மண் அப்பிக்கொண்டால் நாலே எட்டில் சோல் வழவழவென்று ஆகிவிடும். சேற்றுழவுக்குப் போகும் டிராக்டர் டயரைப் பாருங்கள், அதே ஞானம். குதிகாலில் தனியாக ஒரு படி வெட்டியிருக்க வேண்டும். இறக்கத்தில் அதுதான் பிரேக். ரப்பர் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவதாக இருக்கட்டும். சீக்கிரம் தேயும்தான், தேயட்டுமே. கல் மாதிரி ரப்பர் பத்து வருஷம் உழைக்கும், ஈரப்பாறையில் ஒரு நொடியில் ஆளைக் கவிழ்க்கும்.

அளவு பார்ப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் நடந்த கால் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். போடப்போகும் கம்பளி சாக்ஸோடு போய், கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். புதுத் தோலைப் பழக்க நான் பி.ஏ.பி. வாய்க்கால் கரையில் காலையும் மாலையும் நடந்தேன். மே மாத வெயிலில், பனிநாட்டு பூட்ஸோடு. டீக்கடையில் என்ன பேசினார்கள் என்பது இக்கட்டுரைக்கு அவசியமில்லை.

கம்பூட்ஸைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அதற்குப் பெரிய வம்சம் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு. குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனுக்கும் அவர் பெயர், இந்த முழங்கால் பூட்ஸுக்கும் ஆங்கிலேயர் வாயில் அவர் பெயர்தான். விலை குறைவு, கழுவினால் சுத்தம், தண்ணீரில் நாளெல்லாம் நிற்கலாம். கணுக்காலைப் பிடிக்காது, இறக்கத்தில் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும். அது ஒன்றுதான் குறை. வால்பாறை எஸ்டேட்டில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய நாவல், இரா. முருகவேள் தமிழில் தந்த ‘எரியும் பனிக்காடு’. அதைப் படித்தவர்களுக்கு அந்தக் காலத்துத் தொழிலாளிகளின் கால்கள் அட்டைக்கடியிலும் மழையிலும் பட்ட பாடு தெரியும். அதைப் படித்த பிறகு கொழுந்துக்காட்டில் கம்பூட்ஸ் போட்ட பெண்களைப் பார்க்கையில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அவர்களில் ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய பூட்ஸு, அட்டை ஏறாதுங்களா?” என்றார். ஏறும் அம்மா, ஏறும். அட்டைக்குக் கயிறு போகும் ஓட்டை போதும். அதனால்தான் நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். கம்பளி சாக்ஸ், அதன் மேல் முழங்கால் வரை நெருக்கமாக நெய்த லீச் சாக்ஸ், அதன் மேல் பூட்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது. அட்டைக்காக பூட்ஸ் தோலின் மேல் உப்புத் தடவாதீர்கள், தோல் வெடித்துவிடும். மூக்குப்பொடியை லீச் சாக்ஸின் மேல்விளிம்பில் தேய்த்தால் போதும்.

சரி, இத்தனையும் எதற்கு? போன ஆடியில் மச்சான் வேலை பார்க்கும் எஸ்டேட்டின் மேல்கோடியில், சோலை தொடங்கும் இடத்தில் ஒரு பாறை. கம்பத்தில் யானை நடமாட்டத்துக்கான சிவப்பு விளக்கு எரியவில்லை என்று விசாரித்துக்கொண்டு ஏறினேன். தொப்பியிலிருந்து தண்ணீர் கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது. விரல்கள் பைனாகுலரைப் பிடிக்க மறுத்தன. மூடுபனிக்குள்ளிருந்து யாரோ பெரிய துணியை உதறுகிற மாதிரி சிறகுச் சத்தம் வந்தது, இருவாச்சி தலைக்கு நேர் மேலே போனது. ஆனந்தத்தில் எழுந்து நின்றபோதுதான் உறைத்தது: உடம்பு முழுக்க நனைந்திருக்கிறது, கால் இரண்டும் உலர்ந்து, வெதுவெதுவென்று, வீட்டில் இருக்கின்றன! பறவையைப் பார்த்த சந்தோஷம் பெரிதா, காலின் சந்தோஷம் பெரிதா என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்ததும் விறகடுப்புப் பக்கம் வைக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். தோல் காய்ந்து வெடிக்கும், சோலின் பசை விட்டுப்போகும். உள்அட்டையை உருவிவிட்டு, பழைய தினத்தந்தியைச் சுருட்டித் திணித்து, நனைந்ததும் மாற்றினால் போதும். பரணில் பத்திரமாகப் பூட்டி வைப்பதும் ஆகாது. சில சோல்களின் நடு அடுக்குப் பாலியூரித்தேன். சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து அது சும்மா இருந்தபடியே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அடிக்கடி போட்டு நடந்தால் நீடிக்கும். இந்த உண்மையை வீட்டில் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மாதாமாதம் வால்பாறை பஸ் ஏறுகிறேன்.

மச்சானும் இப்போது ஒரு ஜோடி கேட்கிறார். அவருக்கு இன்சுலேஷனே இல்லாததாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்: எட்டு அங்குலம், அளவு பத்து, சோல் இதேதான். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோ என்பார்கள் மலையேறிகள். அவர் விடிந்ததிலிருந்து கொழுந்து எடை போட்டு முடியும் வரை சரிவில் ஏறி இறங்குகிற ஆள். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.